எல்லாத்துக்கும் பதி

அன்புள்ள மகனுக்கு, சித்தூரிலிருந்து நைனா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை உன் அம்மா சுகம். என் சுகத்தைப் பற்றிக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீயே ஒரு முடிவுக்கு வா. நேற்று ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பலமனேர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை எட்டு மணிக்கே பேனாவை எடுத்துவிட்டேன். மத்தியானத் தபாலில் சேர்த்துவிட்டால் நாளை உன் கைக்கு வந்துவிடும், இல்லையென்றால் புதன்கிழமை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீ வாத்தியாராகச் சேரப்போகும் கல்லூரி திறக்கிறது. நீ லேபுக்குள் கால் வைப்பதற்கு முன்னால் இது வந்து சேர வேண்டுமே என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்க்கிறேன். பலமனேர் என்ன காசியா ராமேஸ்வரமா, மொகிலி மலை ஏறினால் வந்துவிடும் ஊர், பஸ் பிடித்து நேரில் வந்து சொல்லலாமே என்று நீ கேட்பாய். சொல்லலாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அந்தத் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ரசத்தைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாய். "அந்தத் தெலுங்கு வாத்தியார் பலமனேர்லதான இருக்கறாரு? கண்ணுல பட்டா காலைத் தூக்கி மேஜை மேல வெச்சி, இது யார் போட்ட கணக்கு சார்னு கேக்கறேன் பாரு நைனா." உன் அம்மா கரண்டியைக் குண்டானில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சிரித்தேன். உன்னோடு சேர்ந்து, பல் தெரிய, சிரித்தேன். அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக என் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. இன்னொன்றையும் உன்னிடம் மறைத்தேன். உனக்கு வேலைக்கான உத்தரவு வந்த அன்றே நான் விசாரித்துவிட்டேன். நீ சொன்ன அந்தத் தெலுங்கு வாத்தியார் சுப்பராமய்யா பலமனேரில்தான் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆகிவிட்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல் உன் கல்லூரி லேபுக்குத் தினமும் வந்து பழைய மீட்டர்களையெல்லாம் பிரித்துச் சரிசெய்து கொடுக்கிறாராம். அதனால் 'கண்ணில் பட்டால்' என்ற பேச்சே இல்லை. புதன்கிழமை நீ உள்ளே நுழையும்போதே அவர் அங்கே உட்கார்ந்திருப்பார்.

நீ அவரிடம் வாய் திறப்பதற்கு முன்னால் உன் இடது கெண்டைக்காலில் இருக்கும் இரண்டு வட்டத் தழும்புகளைப் பற்றி நீ கேட்டு வளர்ந்த கதையை நான் திருத்தியாக வேண்டும். கதை பெரும்பாலும் உண்மை. ஒரே ஓர் இடத்தில், ஒரே ஓர் உருபு பொய். அந்த உருபு என்னுடையது.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த புதிது. நாம் அப்போது திருப்பதியில் இருந்தோம். நான் ஒரு கல்லூரியின் பிசிக்ஸ் லேபில் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மீட்டர்களைத் துடைப்பது, பேட்டரிக்கு ஆசிட் ஊற்றுவது, பையன்கள் உடைத்ததை ஒட்டுவது. சுப்பராமய்யா அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர், பையன்களுக்குச் சோதனை செய்து காட்டுகிறவர். படிப்பில் என்னைவிட எவ்வளவோ மேலே. ஆனால் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவிலிருந்து இட்லியை எடுத்து எனக்கும் ஒன்று கொடுக்கிற மனுஷர். நான் தமிழில் பேசுவேன், அவர் தெலுங்கில் பதில் சொல்வார், யார் எதில் பேசினோம் என்று சாயங்காலம் கேட்டால் இருவருக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் உனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. மூன்று வயது உனக்கு. ஒரு வாரம் காய்ச்சல், எட்டாம் நாள் எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தாய். நாங்கள் போகாத டாக்டர் இல்லை. கடைசியில் சித்தூரில் ஒரு டாக்டர், காலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்துப் பார்க்கலாம், தசை சுருங்காமல் இருக்கும் என்றார். தினமும் திருப்பதியிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் பேட்டரிப் பெட்டியையே எங்களிடம் கொடுத்தார். பெட்டியில் இருந்த மீட்டர் செத்துப்போயிருந்தது. "ஐந்து மில்லி ஆம்பியர். அதற்கு மேல் ஒரு நூல் போகக் கூடாது. நல்ல மீட்டர் ஒன்று பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். நான் மார்பைத் தட்டிக்கொண்டு, அதுதான் சார் என் தொழிலே என்றேன்.

நீ எம்.எஸ்ஸி. படித்தவன். உனக்கு மின்னோட்டம் என்றால் ஆம்பியர், வேறு பேச்சில்லை. எங்கள் காலத்தில் அப்படி இல்லை. அரிசி அளக்கிற படி ஊருக்கு ஊர் மாறியதுபோல மின்னோட்டத்துக்கும் ஆளுக்கோர் அளவு வைத்திருந்தார்கள். காந்தத்தை வைத்து அளந்தவர்கள் 'அப்சொல்யூட்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ஒன்று என்பது நம் ஆம்பியரில் பத்து. பட்டுத்துணியில் தேய்த்த கண்ணாடித் தடியிலிருந்து ஆரம்பித்தவர்கள் இன்னொன்று வைத்திருந்தார்கள். அதில் முந்நூறு கோடி சேர்ந்தால்தான் ஓர் ஆம்பியர். ஓடுகிற மின்சாரம் ஒன்றுதான், சொல்லுகிற எண் மூன்று. முந்நூறு கோடி மடங்கு தவறு செய்தால் பயமே இல்லை. பார்த்தவுடன் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும், சிரித்துவிட்டு அடித்து எழுதிவிடலாம். பத்து மடங்குத் தவறுதான் என்னை இன்றுவரை பயமுறுத்துகிறது. அது சரியான விடை மாதிரியே சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும். இதை உன் மாணவர்களுக்குச் சொல்.

லேபில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய மீட்டர் ஒன்றை எடுத்துச் சுத்தம் செய்தேன். ஊசி நன்றாக ஓடியது, முகத்தில் இருந்த அளவுத் தாள்தான் செல்லரித்துப் போயிருந்தது. புதுத் தாள் ஒட்டி, எந்த இடத்தில் எவ்வளவு என்று கோடு போட வேண்டும். அதற்கு டேன்ஜென்ட் கால்வனாமீட்டர். வட்டமாகச் சுற்றிய கம்பி, நடுவில் திசைகாட்டி ஊசி. நீ பி.எஸ்ஸி.யில் பார்த்திருப்பாய். ஊசி திரும்பின டிகிரியைச் சூத்திரத்தில் போட்டால் விடை அப்சொல்யூட்டில் வரும். ஆம்பியர் வேண்டுமென்றால் கடைசியில் பத்தால் பெருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பத்தைப் பரீட்சையில் மறக்காத பையனை நான் பார்த்ததில்லை. எனக்கு லாகரிதம் பார்க்க வராது. சுப்பராமய்யாதான் சனிக்கிழமை மத்தியானம், லீவு நாளில், வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன் என்றார்.

அந்தச் சனிக்கிழமைக் காலையில் நாங்கள் சண்டை போட்டோம். சண்டை என்று அவர் நினைத்திருக்க மாட்டார். எல்லை எங்கே போடுவது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு, நகரி யாருக்கு என்று டீக்கடை பெஞ்சுகூட இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது. உன் அம்மா நகரியில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரியும். "நகரி மாதேனய்யா! எங்களுதுதான்! இனிமே உன் மாமனார் வீட்டுக்குப் போகணும்னா எங்ககிட்ட பர்மிஷன் வாங்கிட்டுப் போ" என்று டீயை ஆற்றிக்கொண்டே தெலுங்கில் கேலி செய்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் கால், தூக்கமில்லாத ஒரு மாதம், எல்லாம் சேர்ந்து அந்தக் கேலியின் மேல் பாய்ந்தது. "இன்னாய்யா பேசறே? இனிமே எங்கிட்ட தமிழ்ல பேசறதா இருந்தா பேசு. தெலுங்குல பேசினா என் காதுல வுழாது" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரிப்பா, சரிப்பா, தமிழ்லயே பேசறேன்" என்றார். இப்போது நினைத்தால் அந்த 'சரிப்பா' தான் எனக்கு முதலில் காதில் கேட்கிறது.

சொன்னபடியே மத்தியானம் வந்தார். வாக்குக் கொடுத்ததால் தமிழிலேயே பேசினார். நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். நான் மீட்டர் முகத்தில் மை தொட்டுக் கோடு போட, அவர் மேஜையின் மறுகோடியில் கால்வனாமீட்டர் ஊசியைப் பார்த்து, கணக்குப் போட்டு, எண்ணை மில்லிக் கணக்கில் இங்கிலீஷில் கூப்பிடுவார். பாயிண்ட் பைவ். ஒன். டூ. ஊசி கடைசி வரை போனபோது பைவ் என்றார். எனக்கு வேண்டியதும் ஐந்துதானே, அளவெடுத்துத் தைத்த மாதிரி வந்துவிட்டதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். டாக்டர் சொன்ன அளவு ஐந்து என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. காலைக் கோபம் இன்னும் ஆறவில்லை. நம் வீட்டு விஷயம் இவருக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அவர் அப்போதே துள்ளி எழுந்திருப்பார். முடித்துவிட்டுச் சட்டையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போனவர், அங்கிருந்து திரும்பிச் சொன்னார்: "எல்லாத்துக்கும் பதி. மறந்துடாதப்பா."

தெலுங்கில் பதி என்றால் பத்து. இதைத் திருப்பதியிலும் சித்தூரிலும் இருக்கிற எவனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வரைக்கும் தெலுங்கில் எண்ணத் தெரியாதவன் இந்த ஊரில் ஒரு கட்டு கீரை வாங்க முடியாது. எந்த மொழியில் பேசினாலும் மனுஷன் எண்ணுவது தாய்மொழியில்தான், அதனால் அவர் வாயில் அந்த ஒரு சொல் மட்டும் தெலுங்கில் வந்துவிட்டது. ஆனால் அன்று என் காது தமிழ்க் காதாகச் சபதம் செய்திருந்தது. பதி என்றால் எழுதிவை. எல்லாம் எழுதியாகிவிட்டது சாமி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மையை ஊதிக் காயவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். "காலையில ஒரு அதட்டு போட்டேன் பாரு, மனுஷன் சாயந்திரம் வரைக்கும் தமிழ்தான். 'எல்லாத்துக்கும் பதி, மறந்துடாதப்பா'ன்னு போறப்போகூட தமிழ்லயே சொல்லிட்டுப் போறாரு." அவள் ஏதோ கேட்க வந்தாள். நீ அழுததால் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை, வெளிச்சத்தில், ஜன்னலுக்குக் கீழே பாய் போட்டு உன்னைப் படுக்கவைத்தோம். ஈரத் துணி சுற்றிய இரண்டு வட்டத் தகடுகளைக் காலில் வைத்துக் கட்டி, ஊசி ஐந்துக்கு வரும் வரை திருகினேன். நான் போட்ட கோட்டின்படி ஐந்து, உண்மையில் ஐம்பது. நீ வீறிட்டாய். குழந்தை அழும், அதற்காக விட்டுவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நான் உன் காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நைனா, நைனா என்று என்னைத்தான் கூப்பிட்டாய். நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஐந்தில் அசையாமல் நின்றது. என் வாழ்க்கையில் நான் செய்த பாவம் எது என்று யாராவது கேட்டால் உன் முகத்தைப் பார்க்காமல் ஊசியைப் பார்த்த அந்த நாலு நிமிஷத்தைத்தான் சொல்வேன். உன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை, கத்தவில்லை. வந்து ஒயரைப் பிடித்து இழுத்துப் பெட்டியோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள். துணியை எடுத்தபோது தோல் வெள்ளையாக வெந்துபோயிருந்தது. கரண்ட் பத்து மடங்கு என்றால் சூடு நூறு மடங்கு என்று நீ பாடம் நடத்துவாய். தோலில் சூட்டோடு ரசாயனமும் சேர்ந்துகொள்ளும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அதன்பின் கரண்ட் வைத்தியம் என்ற பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை. சரியான அளவில் தொடர்ந்து கொடுத்திருந்தால் நீ இன்று இடது செருப்புக்கு அடியில் இரண்டாவது தோல் தைக்காமல் நடந்திருப்பாயா? பெரிதாக வித்தியாசம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா? அந்தக் கேள்வி இன்னும் என்னோடுதான் தூங்கி எழுகிறது.

அன்று மத்தியானமே லேபைத் திறந்து, சுப்பராமய்யா கணக்குப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். சூத்திரத்தில் பத்து இல்லை. 'எல்லாத்துக்கும் பதி' என்று அவர் சொன்னது அப்போதுதான் காதில் புரண்டு படுத்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லாம் விளங்கிவிட்டது. நீயே சொல்லிப் பார். எழுதிவை என்று சொல்கிறவன் 'எல்லாத்தையும் பதி' என்பான். 'எல்லாத்துக்கும் பதி' என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். எல்லாவற்றுக்கும் பத்து என்றால்தான் அந்த வாக்கியம் நிற்கும். தமிழ், தமிழ் என்று டீக்கடையில் மார்தட்டியவனுக்கு நாலாம் வேற்றுமைக்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் வித்தியாசம் காதில் விழவில்லை.

கல்லூரிப் பொருள் வெளியே போய் ஒரு குழந்தைக்குக் காயம் என்றதும் விசாரணை வந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு பேரையும் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். என்ன நடந்தது என்று என்னை முதலில் கேட்டார்கள். நான் சொன்னேன்: "எல்லாத்தையும் பதின்னாரு சார். பதிச்சேன்." அவ்வளவுதான். 'க்கும்' போய் 'ஐயும்' வந்தது, தவறு கணக்குப் போட்டவர் தலையில் விழுந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், நான்தான் என்று தெரிந்தபின் உன் அம்மா என்னைப் பார்க்கப் போகிற பார்வை. சுப்பராமய்யா பதறிப்போய், "நேனு பதி அன்னானு சார். பத்து சார், டென்" என்றார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தானே சொல்கிறீர்கள் என்றார் பிரின்சிபால். அப்போது சுப்பராமய்யா என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. "எல்லாத்துக்கும்னு இல்ல சொன்னேன்? எனக்குத் தமிழ் சரியா வராது. தப்பா சொல்லிட்டேனா அப்பா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்குத் தன் தமிழின் மேல் நம்பிக்கை இல்லை. நான் அதில் ஏறி நின்று தப்பித்தேன்.

அதற்குப் பிறகு அது என் கையில் இல்லை. தமிழ்ப் பிள்ளையின் காலைத் தெலுங்கு வாத்தியார் பொசுக்கிவிட்டார் என்று கடைத்தெருவில் பேசினார்கள். என் தோளில் தட்டி, நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். நானும் தட்டின தோளைக் காட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு வாரத்தில் அவர் கல்லூரி வேலையை விட்டுவிட்டுப் பலமனேரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் புண்ணுக்குப் போடுகிற மருந்து ஒரு பாட்டில். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. உன் அம்மாதான் போய் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நீ அழுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பாட்டிலைத் தூக்கித் தெருவில் போடு என்றேன். சரி என்றாள்.

எல்லைத் தகராறு பிறகு ஒரு வழியாகத் தீர்ந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போனது, நகரியும் புத்தூரும் இந்தப் பக்கம் நின்றன. கோடு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் போட்ட கோடு மட்டும் நம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஏழாம் வகுப்பில் நீ தெலுங்கில் தோற்றாயே, ஏன்டா என்று கேட்டதற்கு, "அந்த ஆளு பாஷை எனக்கு வேணாம்" என்றாய். பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாயில் அந்த வார்த்தையை ஊட்டினவன் நான். அன்று சொல்லியிருக்கலாம். உன் கல்லூரிச் சேர்க்கை அன்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும், இப்போது வேண்டாம், பிள்ளை மனம் கெட்டுவிடும் என்று உன் மேல் பழியைப் போட்டேன். இப்போது உன் வகுப்பில் தெலுங்குப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் கன்னடப் பிள்ளைகளும் கலந்து உட்காருவார்கள். ஒருவன் சொன்னது உன் காதில் சரியாக விழுந்தாலும், எந்த மொழியில் சொன்னான் என்று ஒரு தடவை திருப்பிக் கேள். கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. குறையும் என்று நினைத்துத்தான் நான் வாசலுக்கு ஓடிப்போய், "இன்னா சொன்னே சார்?" என்று கேட்காமல் இருந்தேன்.

விசாரித்தபோது இன்னொன்றும் சொன்னார்கள். பலமனேரில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், சந்தையில் போனால் தமிழ்தான். ஆனால் சுப்பராமய்யா மட்டும் யார் தமிழில் பேசினாலும் தெலுங்கில்தான் பதில் சொல்வாராம். வீம்பு பிடித்த மனுஷர் என்று சொன்னவன் சிரித்தான். அது வீம்பு இல்லை என்று எனக்கு மட்டும்தானே தெரியும். தான் பேசின தமிழால் ஒரு குழந்தையின் கால் வெந்துபோனது என்று இருபது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அந்தக் குழந்தை எழுந்து நடந்ததுகூட அவருக்குத் தெரியுமோ என்னவோ.

அதனால் புதன்கிழமை நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவரிடம் போ. காலை மேஜை மேல் வைக்காதே, அவருக்கு முன்னால் நடந்து காட்டு. இன்னார் மகன் என்று சொல். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் இந்தக் கடிதத்தை நீயே அவருக்குப் படித்துக் காட்டு. பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் நல்லது, உரக்கப் படி. வேலை போய்விடுமோ என்று பயந்த காலமெல்லாம் முடிந்துவிட்டது, இனிப் போவதற்கு என்னிடம் இருப்பது நீ ஒருவன்தான். பிரின்சிபால் அறை வருகிற இடத்தில் வேகமாகப் படித்துத் தாண்டாதே. அவர் தமிழ் அன்று சரியாகத்தான் இருந்தது, வேற்றுமை உருபுகூடப் பிசகவில்லை என்று சொல். தப்பாகச் சொன்னது தமிழன்தான் என்று சொல். அவர் என்னைத் திட்டினால் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல். திட்டவில்லை என்றால் அதையும் சொல், ஆனால் கொஞ்ச நாள் கழித்துச் சொல். அதன்பிறகு நீ இங்கே வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டாலும் அம்மாவுக்கு மட்டும் வாரம் ஒரு கடிதம் போடு. அந்த ஊர்க் குளிருக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. செருப்பில் இரண்டாவது தோல் தேய ஆரம்பித்தால் முதுகு வலிக்கும் வரை காத்திருக்காதே.

இத்தோடு முடித்து ஒட்டலாம் என்று எடுத்தேன். உன் அம்மா கையை நீட்டித் தடுத்து, "படிங்க, கேக்கறேன்" என்றாள். வேறு வழி இல்லாமல் முதலிலிருந்து படித்தேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைப்பதை நிறுத்தவே இல்லை. உருபு மாறிய இடம் வந்ததும் தாளை இறக்கிவிட்டேன். "மேல படிங்க. அது எனக்குத் தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்றேன்.

"சனிக்கிழமை சாயந்திரம் வந்து எங்கிட்ட 'எல்லாத்துக்கும்'னு சொன்னீங்க. செவ்வாக்கிழமை ஊர்ல எல்லார்கிட்டயும் 'எல்லாத்தையும்'னு சொன்னீங்க. தறிக்காரன் வூட்டுப் பொண்ணுங்க நானு. ஒரு இழை மாறினா தெரியாதா?"

"அப்புறம் ஏன் இத்தினி வருஷமா ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். நான் எந்தப் பார்வைக்குப் பயந்து அந்தப் பொய்யைச் சொன்னேனோ, அந்தப் பார்வையோடுதான் இத்தனை வருஷமும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். தெருவில் போடச் சொன்ன அந்த மருந்துப் பாட்டிலை அவள் போடவில்லையாம். அரிசிப் பானையில் ஒளித்துவைத்து, நான் வேலைக்குப் போன பிறகு, தினமும் காலையில் உன் காலில் அதைத்தான் தடவியிருக்கிறாள். புண் ஆறினது அந்த மருந்தில்தானாம். இது அவருக்குத் தெரியணும் என்கிறாள்.

"அதையும் பதிங்க" என்றாள், சிரிக்காமல்.

பதித்துவிட்டேன்.